ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்த பிறகு

பெரும்பாலும் இதற்கென்று எடுத்த ஸ்கேனாக இருக்காது. பித்தப்பைக் கல்லோ சிறுநீரகக் கல்லோ இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். “இது இப்போ எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்பார் ஒருவர். இன்னொருவர் மறுநாள் காலையே கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். இரண்டுக்கும் முன்னால் அந்த ‘கிரேடு’ எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதுதான் கிரேடு. பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தால் 1. கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கினால் 2. பின்பகுதியும் உதரவிதானமும் சரியாகத் தெரியாமல் போனால் 3. கண்ணளவில் சொல்வது என்பதால், ஒரே ஆளுக்கு ஒரு சென்டரில் 1 என்றும் இன்னொரு சென்டரில் 2 என்றும் வருவது சகஜம். செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே ஃபேட்டி லிவர்தான். ஆனால் அது 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஸ்கேனில் நம்பகமாகப் பிடிபடும்.

கிரேடு சொல்லாமல் விடுவது இன்னொன்று இருக்கிறது: தழும்பு. கொழுப்பால் கல்லீரலில் அழற்சி வந்து, ஆறி, திரும்ப வந்து நார்த்தழும்பு கட்டினால்தான் அது சிரோசிஸ், அதாவது கல்லீரலே தழும்பேறிச் சுருங்கும் நிலை, பக்கம் போகிறது. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். சிரோசிஸ் முற்றியவருக்குக் கொழுப்பு குறைந்து ஸ்கேனில் கிரேடே சொல்லாமலும் போகலாம். அதனால் கேட்க வேண்டியது “எத்தனையாவது கிரேடு” அல்ல, “தழும்பு இருக்கிறதா” என்பதுதான்.

அதற்கான முதல் கணக்கு ஃபிப்-4. தனி டெஸ்ட் எதுவும் தேவையில்லை. கையில் இருக்கும் ரத்த ரிப்போர்ட்டே போதும். அதில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இருப்பவை கல்லீரல் என்சைம்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட்டையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுங்கள். நம் ஊர் லேப்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் போடுவதால் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: 1.5 லட்சம் என்றால் கணக்கில் 150 என்று போட வேண்டும்.

58 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.ஜி.ஓ.டி. 36, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 1.5 லட்சம். ரிப்போர்ட்டில் ஒன்றுகூடத் தடித்த எழுத்தில் இருக்காது, எல்லாமே நார்மல். 58 × 36 = 2,088. 25இன் வர்க்கமூலம் 5, 150 × 5 = 750. வகுத்தால் 2.78. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ‘எல்லாம் நார்மல்’ என்று மடித்து வைத்த ரிப்போர்ட்டுக்குள் இது உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கும் பலவீனம் உண்டு. 35 வயதுக்குக் கீழே நம்ப முடியாது. 65க்கு மேலே 1.3க்குப் பதில் 2.0 என்று கொள்வார்கள். டெங்கு காய்ச்சல் வந்த வாரத்து ரிப்போர்ட்டைப் போட்டால் விடை தாறுமாறாக ஏறும். அப்போது பிளேட்லெட் சரிந்து, எஸ்.ஜி.ஓ.டி. எகிறியிருக்கும். உடம்பு தேறி ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தம்தான் சரி.

விடை 1.3க்கும் 2.67க்கும் நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் கருவி. குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் போனால் ரத்த ஓட்டம் கூடி எண் பொய்யாக ஏறும். மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். விலா இடுக்கில் விரலால் சுண்டுவது போல் பத்து தடவை தட்டும், வலி இல்லை. தாளில் இரண்டு எண் வரும். கேப் என்பது கொழுப்பு. கிலோபாஸ்கலில் இருப்பது விறைப்பு, அதாவது தழும்பு. 8க்குக் கீழே நிம்மதி, 12க்கு மேலே கவலை. கூடவே ஐ.க்யூ.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும், பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது அது. விறைப்பு எண் 7ஐத் தாண்டியிருக்கும்போது அது 30க்கு மேல் போனால் அளவு சரியாக விழவில்லை, திரும்ப எடுக்கச் சொல்லலாம். பருமனானவர்களுக்கு எக்ஸ்.எல். புரோப் (உடம்பில் வைத்துத் தட்டும் முனையில் பெரியது) வேண்டும், அது இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

இதோடு ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), கொழுப்பு டெஸ்ட்டுகளையும் பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டு, டாமாக்சிஃபென், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடியைப் பற்றி “சனி, ஞாயிறு மட்டும்தான்” என்பது பதிலாகாது. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆணுக்கு வாரம் 210 கிராமைத் தாண்டினாலே வெறும் கொழுப்பு நோய் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்றால் 240.

சிகிச்சையில் எடைதான் முதல். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தால் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சி அடங்கும். தழும்பு பின்வாங்க 8 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். வாரம் அரை முதல் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் கல்லீரல் இன்னும் கெடும், பித்தப்பையில் கல்லும் சேரும். ஒல்லியாக இருப்பவர்கள் இடுப்புச் சுற்றளவைப் பார்க்க வேண்டும்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80ஐத் தாண்டக் கூடாது.

எண்ணெயையும் முட்டை மஞ்சள்கருவையும் நிறுத்திவிட்டுத் தட்டு நிறையச் சோற்றை அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். மிஞ்சுகிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக்கிக்கொள்ளும். நாளைக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றாலே 40 கிராமுக்கு மேல் சர்க்கரை; டீயில்தானே என்று யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாத்திரையில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. லிவர் கெட்டிருக்கிறது என்று பயந்து, கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஒன்று. ஃபேட்டி லிவருக்கு அது ஆபத்தில்லை, இதயத்துக்குத் தேவை. இன்னொன்று, ‘லிவர் சுத்தம்’ என்று பொடியும் கஷாயமும் குடிப்பது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஃபிப்-4 குறைவாக இருந்தால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். சர்க்கரை இருப்பவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில். ஃபைப்ரோஸ்கேன் திரும்ப எடுக்கும்போது அதே சென்டர், அதே புரோப், அதே வெறும் வயிறு. பழைய தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.