தூரத்து உறவினர்கள் காட்டிய முகம்

கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 கொலைகளையும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளையும் செய்த ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ, 2018 ஏப்ரலில், தன் 72ஆம் வயதில்தான் கைது செய்யப்பட்டான். குற்றங்களைத் தொடங்கிய ஆண்டுகளில் அவன் காவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்தான் என்பதை என்னால் இன்றும் எளிதாகக் கடந்துசெல்ல முடியவில்லை.

வடபகுதி வன்கொடுமைகளையும் தென்பகுதிக் கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்று 2001இலேயே டிஎன்ஏ உறுதிப்படுத்தியிருந்தும், அந்த மரபணுவுக்குரிய பெயர் காவல்துறைத் தரவுத்தளத்தில் இல்லை. பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரியிலிருந்து பெற்ற மரபணு விவரத்தை, வம்சாவளி தேடுவோர் பயன்படுத்தும் ஜெட்மேட்ச் தளத்தில் ஒப்பிட்டபோது அகப்பட்டவர்கள் அவனுடைய தூரத்து உறவினர்களே. அவர்களின் பொது மூதாதையரைக் கண்டறிந்து, கிளை கிளையாகக் கீழிறங்கி, வயது, பாலினம், வசித்த இடம் ஆகியவற்றைக் கொண்டு சலித்துச் சலித்துப் புலனாய்வாளர்கள் அவனை நெருங்கினார்கள். அது சந்தேகம் மட்டுமே. கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும் அவன் வீசிய காகிதக் கைக்குட்டையிலிருந்தும் எடுத்த மாதிரிகள் பழைய தடயங்களோடு பொருந்திய பிறகே கைது நடந்தது.

தம் வேரைத் தேடிப் பதிவுசெய்தவர்களின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய தேடல் நடக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்; ஜெட்மேட்ச் 2019இல் அந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

2020 ஆகஸ்டில், பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்படுவதற்கு முன், உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் மூன்று நாட்கள் அவன் முன்னிலையில் பேசினார்கள்.