31 டன்

நவம்பர் 3, திங்கள்

படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம், நான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

அம்மாவுக்கு இன்று இரும்பு ஏற்றினார்கள். டிகாக்ஷன் நிறத்தில் ஒரு பை. "காப்பியை நேராக நரம்பிலேயே ஊற்றுகிறார்களா?" என்றாள். நர்ஸ் எதற்குச் சிரிப்பு என்று கேட்டாள். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் இல்லை, குறைவுதான்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. 79ஆம் தெருப் பஸ் பூங்காவைக் கடந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. நியூயார்க்கில் குடியிருப்பவர்கள் கவுண்டரில் விரும்பியதைக் கொடுக்கலாம். கூச்சப்படாமல் ஐந்து டாலர் கொடுத்தேன்.

டைனோசரைக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா விண்கல் கூடத்தில் நின்றுவிட்டாள். கிரீன்லாந்திலிருந்து வந்த இரும்பு, 31 டன். கூடாரம் என்று பெயர். கூடவே விழுந்த சிறியவை பெண், நாய். இதன் பாரத்தைக் கட்டடத்தின் தரை தாங்காது. தூண்கள் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே பாறைவரை போகின்றன. அம்மா பிளாஸ்திரி ஒட்டிய கையால் தடவினாள். குழி குழியாக இருந்தாலும் கைபட்ட இடமெல்லாம் வழவழப்பு.

"நன்றாகப் பழகிய கல். எண்ணெய் தடவுவார்களா?"

கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் இந்த இரும்பை உருக்கவே இல்லை, கருங்கல்லால் தட்டித் தட்டிச் சில்லு எடுத்துக் கத்தியும் ஈட்டிமுனையும் செய்தார்கள் என்றேன். "அம்மி கொத்துவதுபோல" என்றாள். பிறகு, எத்தனை தோசைக்கல் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். பஸ்ஸிலும் அதே கணக்கு.

நவம்பர் 6, வியாழன்

அண்ணன் போன் செய்தான். "சொல்லிவிடாதே, தாங்கமாட்டாள்." அவனுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன்.

நவம்பர் 8, சனி

தூக்கம் இல்லை. அந்தக் கல்லைப் பற்றிப் படிக்கப் போனது என் தவறு.

1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு அருங்காட்சியகத்துக்கு 40,000 டாலருக்கு விற்பனை. அதே கப்பலில் ஆறு இனுவிட் மனிதர்களும் வந்தார்கள். ஓர் ஆண்டுக்குள் நான்கு பேர் இறந்துபோனார்கள். கிசுக் என்பவர் போனபோது அவருடைய மகன் மினிக்குக்கு ஏழெட்டு வயது. பையனின் கண்முன்னே அடக்கம் செய்து காட்டினார்கள். விலங்குத் தோலைச் சுற்றிப் புதைத்தது ஒரு மரக்கட்டையை. உடலை அறுத்து, எலும்புகளை அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டார்கள். அவை கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993இல். அதற்குள் மினிக் இறந்து முக்கால் நூற்றாண்டு.

கட்டையைத் தேடிப் பிடித்து, அளவு பார்த்து, தோல் சுற்றியவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பையன் தாங்கமாட்டான் என்று அவர்களும் பேசிக்கொண்டிருப்பார்களோ?

நான் ஒன்றும் எலும்பைத் திருடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். வாந்தி இல்லை.

நவம்பர் 12, புதன்

இரண்டாவது பை. காத்திருந்த நேரத்தில் மறுபடியும் கல்லைப் பற்றியே பேச்சு. அறுத்து மெருகேற்றி அமிலம் ஊற்றினால் உள்ளே கோடுகள் பின்னிக்கொண்டு தெரியும், பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறினால்தான் அந்தப் பின்னல் விழும் என்றேன். "அறுத்தால்தான் தெரியுமா?" என்றாள். பயாப்ஸி செய்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாளா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த முறை மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் போனில் இருப்பாராம், அதுதான் விதியாம். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

கல்லைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டாள். மினிக் கதையைச் சொன்னேன். எப்படி வாயில் வந்ததோ, முழுக்கச் சொல்லிவிட்டேன். கட்டை, தோல், எல்லாம்.

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்தப் பையனுக்கு யார் சொன்னார்கள்?"

பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டானாம் என்றேன்.

"பாவம்" என்றாள். வேரை ஒடித்துத் தனியே வைத்தாள், ரசத்துக்கு.

நவம்பர் 17, திங்கள்

அண்ணனின் போனை எடுக்கவில்லை. நாளை 10.40க்கு. அம்மா மாம்பழநிறப் புடவையை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறாள்.