தேய்த்ததும் தேய்ந்ததும்

டிசைன் வகுப்பில் கொடுத்த வேலை ஒரே வரிதான்: முகம் வரையாமல் உங்களை வரையுங்கள். ஏ3 தாள், இரண்டு நிறம், எழுத்து கூடாது, மூன்று வாரம் அவகாசம். கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முகம் வரைவதுதானே கஷ்டம், அதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே!

ஒரு தாளின் நடுவில் 'நான்' என்று எழுதி வட்டம் போட்டு, சுற்றிலும் தோன்றியதையெல்லாம் எழுதினேன். அமைதி, வாசிப்பு, இரவு, கூச்சம், பிடிவாதம், பயணம். (பயணம் எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும்.) அப்புறம் சொல்லுக்கு ஒரு படம் பிடித்தேன். வாசிப்புக்குப் புத்தகம், இரவுக்குப் பிறை, கூச்சத்துக்கு முகமூடி, பிடிவாதத்துக்கு வேர் விட்ட மரம். எல்லாவற்றையும் ஒரு தலையின் நிழலுக்குள் அடுக்கி, உச்சியில் ஒரு பல்பையும் எரியவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. வீட்டில் காட்டினேன், பாராட்டினார்கள்.

வகுப்பில் மேடம் எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டச் சொன்னார். எங்கள் பெயர்களைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, படங்களுக்குக் கீழே தாறுமாறாக ஒட்டிக்கொண்டே போனார். என் படத்துக்குக் கீழே எப்போதும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு நண்பனின் பெயர் வந்தது.

"இப்ப எதாவது தப்பாத் தெரியுதா?" என்றார்.

ஒன்றும் தெரியவில்லை, அதுதான் சிக்கல். அவனுக்கும் அந்தப் படம் கச்சிதமாகப் பொருந்தியது. இன்னும் மூன்று படங்களில் பிறை இருந்தது, நான்கில் முகமூடி. கூச்சம் என்றாலே எல்லோருக்கும் ஒரே கடையில் வாங்கிய முகமூடிதான் போல.

அன்று அவர் திரையில் இரண்டு ஓவியங்களைக் காட்டினார். ஒன்று, அமெரிக்க ஓவியர் மார்ஸ்டன் ஹார்ட்லி 1914இல் பெர்லினில் வரைந்தது. முதல் உலகப்போரில் இறந்துபோன தன் நண்பரான ஒரு ஜெர்மானிய அதிகாரியின் உருவப்படம். ஆனால் படத்தில் ஆளே இல்லை. கறுப்புப் பின்னணியில் கொடித் துண்டுகள், இரும்புச் சிலுவைப் பதக்கம், நண்பரின் பெயரின் முதலெழுத்துகள், 4 என்ற எண், 24 என்ற எண். 4 அவருடைய படைப்பிரிவு, 24 அவர் இறந்தபோது இருந்த வயது. இன்னொன்று, சார்லஸ் டீமத் என்ற இன்னொரு அமெரிக்க ஓவியர் 1928இல் வரைந்த, கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் படம். அதிலும் முகம் கிடையாது. பொன்னிறத்தில் 5 என்ற எண், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று முறை. தெருவில் விரைந்து போன தீயணைப்பு வண்டியில் அந்த 5ஐப் பார்த்து வில்லியம்ஸ் ஒரு கவிதை எழுதியிருந்தார். நண்பருக்காக டீமத் அந்த ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஹார்ட்லியும் என்னைப் போலத்தானே பொருள்களைக் குவித்திருக்கிறார், அவருக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று எனக்குள் ஒரு முனகல். பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. அந்த 24 அந்த மனிதருடையது. வேறு பெயர்ச்சீட்டை அதன் கீழே ஒட்ட முடியாது. என் பொருள்களோ அகராதியிலிருந்து வந்தவை.

இரண்டாம் வாரம் கொஞ்சம் கோட்பாடு. அமெரிக்கத் தத்துவவாதி பர்ஸ், குறிகளை மூன்றாகப் பிரித்தார். (பெயரின் எழுத்தைப் பார்த்தால் பியர்ஸ் என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு பர்ஸ்தான்.) பொருளைப் போலவே தோற்றம் கொண்டது ஒரு வகை, ஓவியத்தில் வரைந்த மரம் மரம்போல இருப்பது அப்படி. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதால் அர்த்தம் தருவது இன்னொரு வகை, அதுதான் குறியீடு. சிவப்பு விளக்கு என்றால் நில் என்பதுபோல. மூன்றாவது, பொருள் தானே விட்டுச்சென்ற தடம். கால்தடம், கைரேகை, கோப்பை வைத்த இடத்தில் மேசையில் பதிந்த வட்டம். நான் குவித்திருந்தது எல்லாம் இரண்டாம் வகை. தடம் என்று ஒன்றுகூட இல்லை. வேலையின் தலைப்பு என்னவோ 'குறியீட்டுச் சுயஉருவம்'தான், ஆனால் குறியீட்டை விட்டு விலகினால்தான் அது சுயஉருவம் ஆகும் என்று தோன்றியது. தலைப்பு வைத்தவரிடம் இதை நான் சொல்லவில்லை.

சரி, நான் எங்கே தடம் விடுகிறேன்? தேய்ந்த செருப்பு, சாவிக்கொத்து, ஒரு மூலை மட்டும் கரைந்த ரப்பர் என்று இருபது சின்னச் சின்ன மாதிரிகள் கிறுக்கிக்கொண்டு போனேன். மேடம் எதையும் சரியாகப் பார்க்கவே இல்லை. ரப்பருக்கு நிழல் கொடுக்க நான் போட்டிருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இடதுகையா?"

"ஆமாம் மேடம். எப்படித் தெரிஞ்சது?"

வலதுகைக்காரர்கள் இயல்பாகப் போடும் சாய்கோடு மேலே வலப்பக்கம் தொடங்கிக் கீழே இடப்பக்கமாக இறங்கும். என் கோடுகள் எல்லாம் மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. லியொனார்டோ டா வின்சியின் நிழல்கோடுகளும் இப்படித்தான் சாயுமாம், அவரும் இடதுகைக்காரர். இவ்வளவு வருடம் வரைந்திருக்கிறேன், என் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. மேடம் என் கையைத் திருப்பச் சொன்னார். சுண்டுவிரலின் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை ஓரம் முழுக்கப் பளபளக்கும் பென்சில் கரி.

"எழுதிக்கிட்டே அழிக்கிற ஆளா நீ?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மீதி நாள்களை ஓட்டினேன். தமிழ் இடமிருந்து வலமாகப் போகிற எழுத்து. இடதுகையால் எழுதினால் கை எப்போதும் எழுதியதன் மேலேயே உராய்ந்துகொண்டு பின்னால் வரும். சின்ன வயதிலிருந்து என் நோட்டுகள் எல்லாமே சாம்பல் பூத்தவை. எழுத்து கூடாது என்பது விதி என்பதால், எழுத்துக்குப் பதில் சாய்கோடுகளை வரிவரியாகப் போடுவது என்று முடிவு செய்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு பக்கம் முழுக்க, நோட்டில் எழுதுவதுபோல.

முதல் தாளில் கோடுகளைப் போட்டுவிட்டு விரலால் அழகாகத் தேய்த்துக் கொண்டுபோனேன். மேடம் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது தேய்ச்சது. தேய்ஞ்சது இல்ல."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. விரலால் தேய்த்த கறை எங்கும் ஒரே சீராக, மேகம்போல இருந்தது. கை தானாக உராய்ந்த கறை அப்படி இருக்காது. அதனால் 6பி பென்சிலை எடுத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபடியே தாள் தாளாக நிரப்பினேன். கவனம் கோட்டில் இருக்கக் கூடாது, அதுதான் தந்திரம். மொத்தம் பதினொரு தாள். ஒன்பதாவதில் நான் நினைத்தது வந்தது, நினைக்காததும் வந்தது. வரியின் நடுப்பகுதி எல்லாம் கலங்கியிருக்க, வலது ஓரத்துக் கடைசிக் கோடுகள் மட்டும் கூர்மையாக நின்றன. அவற்றைத் தாண்டிக் கை போகவில்லையே. இடது ஓரத்தில், கோடே போடாத வெற்று இடத்தில், வரிசையாகக் கரித்தடங்கள். அடுத்த வரி தொடங்கக் கையைக் கொண்டுபோய் வைத்த ஒவ்வொரு முறையும் அழுக்கு அங்கே பதிந்திருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் அந்தத் தடங்களில் உள்ளங்கை ஓரத்தின் சுருக்கங்கள்கூடத் தெரிந்தன.

இரண்டாம் நிறம் இன்னும் பாக்கி. முதல் வகுப்பில் ஒரு ஆசிரியை என் இடதுகையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலதுகையில் வைப்பார். அந்த ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் எழுதினேன். வேறொரு தாளில் சிவப்புப் பென்சிலால், வலதுகையால், ஒரே ஒரு வரி போட்டுப் பார்த்தேன். கோடுகள் நடுங்கின, எதிர்ப்பக்கம் சாய்ந்தன. ஆனால் துளிக்கூடக் கலையவில்லை. வலதுகை எழுதியதன் மேல் உராயாதல்லவா. என் பக்கத்திலேயே படு சுத்தமான வரி என்னுடையது அல்லாத வரிதான். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வரியின் இடத்தில் அதை வைத்தேன், முதல் வகுப்பில் எனக்கு ஆறு வயது என்பதற்காக. ஹார்ட்லியிடம் திருடியது.

கணினி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்கேன் செய்த படத்தைப் புள்ளிகளும் கோடுகளுமான கோட்டுருவாக மாற்றும் கட்டளையைத் தட்டினேன். ஆயிரக்கணக்கில் புள்ளிகள் முளைத்து மென்மையான கறையெல்லாம் கறுப்புத் திட்டுகளாக ஆனது. அதை விட்டுவிட்டு, 600 டிபிஐ நுணுக்கத்தில் சாம்பல்நிற ஸ்கேனாகவே வைத்துக்கொண்டேன். ஸ்கேனர் ஏ3இல் பாதியான ஏ4தான் பிடிக்கும் என்பதால் இரண்டு துண்டாக எடுத்து ஒட்டியதில் நடுவில் ஒரு வாய்க்கால் தெரிந்தது, அதைச் சரிசெய்ய ஒரு ராத்திரி போனது. முதல் பிரிண்டில் சாம்பல் முழுக்கப் பழுப்பு அடித்தது. நான்கு மைகளும் சேர்ந்து சாம்பலை உண்டாக்கப் பார்த்ததால் வந்த வினை. கறுப்பு மை மட்டும் என்று மாற்றியதும் பென்சிலின் குளிர்ந்த சாம்பல் திரும்பி வந்தது.

கடைசி நாள் மறுபடியும் சுவர். ஒருவர் மழை என்றார். இன்னொருவர் கூட்டத்தில் ஒரே ஒரு வரிசை எதிர்த்திசையில் நடக்கிறது என்றார். ஓரத்தில் இருந்தவையெல்லாம் விரல்ரேகையா என்று ஒருத்தி கேட்டாள். இடதுகை என்று யாரும் சொல்லவில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, வாயைத் திறந்து விளக்கிவிடலாமா என்று துடித்தேன். மேடம் பெயர்ச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து என் படத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று பெயர் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மதிப்பெண் சுமார்தான், விளக்கக் குறிப்பு நீளம் என்று பத்துக்கு இரண்டு குறைத்திருந்தார்.

ஒரு தவறு செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். பென்சில் படம் முடிந்ததும் கரி உதிராமல் இருக்க ஃபிக்சேட்டிவ் அடிக்க வேண்டும். நான் அடிக்கவில்லை. பதினொரு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் போட்டுவிட்டேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளின் கரியும் அதன் மேல் கிடந்த தாளின் முதுகில் ஏறி, வலது ஓரத்துக் கூர்மையெல்லாம் போய், பதினொன்றும் ஒரே சாம்பலாக இருக்கின்றன. எது ஒன்பதாவது தாள் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.