பிரீமியர் பத்மினியில் சிமிட்டாமல் நின்ற இடது இண்டிகேட்டர்

என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 டி காரை அடிப்படையாகக் கொண்டு மும்பை குர்லாவில் தயாரிக்கப்பட்ட வண்டி. அதன் இடது இண்டிகேட்டரைப் போட்டால் விளக்குகள் எரியும், ஆனால் சிமிட்டாது. முன்விளக்கு ஓரளவு தெளிவாகவும் பின்விளக்கு மங்கலாகவும் எரிய, அதே பக்கத்து டெயில் விளக்கும், அதற்கான ஸ்விட்சைப் போடாமலேயே, லேசாகச் சிவந்து தெரியும். வலது பக்கம் ஒழுங்காகச் சிமிட்டியது.

இத்தகைய நிலையில் பலரும் முதலில் மாற்றுவது, விளக்கைச் சிமிட்ட வைக்கும் சிறு கருவியான ஃபிளாஷரைத்தான். ஆனால் இரு பக்கங்களுக்கும் ஃபிளாஷர் ஒன்றே, ஃபியூஸும் ஒன்றே. வலது பக்கம் சரியாக வேலை செய்யும்போது அவற்றைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஸ்விட்சின் இடது முனை, அங்கிருந்து செல்லும் வயர்கள், இரண்டு பல்புகள், அவற்றின் எர்த் (மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றையே நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

பழைய ஃபிளாஷரின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் இந்தப் பழுது பாதி பிடிபட்டுவிடும். என் வண்டியில் இருக்கும் வகையில், விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் ஓர் உலோகத் தகட்டைச் சூடாக்குகிறது; சூடேறிய தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கிறது, ஆறியதும் மீண்டும் சேர்கிறது. 12 வோல்ட்டில் ஒரு 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு பல்புகளுக்கு 3.5 ஆம்பியர். அந்த அளவை எதிர்பார்த்தே தகடு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தகட்டின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தகடு வளைவதில்லை, விளக்கு எரிந்தபடியே நிற்கிறது.

முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி பல்பை எடுத்து, அதன் பித்தளைக் கழுத்தில் பொறித்திருந்ததைத் துடைத்துப் பார்த்தால் 10 வாட் என்றிருந்தது. எப்போதோ யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். 21 வாட் பல்பைப் பொருத்தியதும் இடது பக்கம் சிமிட்டத் தொடங்கியது. ஆனால் மிக மெதுவாக. பின்விளக்கின் மங்கலும் அப்படியே இருந்தது. பிரேக்கை மிதித்தபோது அந்த இண்டிகேட்டர் ஏறக்குறைய அணைந்தே போனது. பின்விளக்குத் தொகுப்பின் எர்த் கெட்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. வண்டியின் உடலுக்குத் திரும்ப வழியில்லாத மின்னோட்டம் டெயில் பல்பின் இழை வழியாக மற்ற விளக்குகளுக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கிறது.

மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கும் ஓம் அளவில் சோதித்தால் இந்த எர்த் நன்றாகவே இருப்பதாகக் காட்டும். மீட்டர் அனுப்புவது மிகச் சொற்பமான மின்னோட்டம். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கடந்துவிடும். எனவே விளக்கு எரியும் நிலையிலேயே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் உலோக உடலிலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும் 2 வோல்ட்டைத் தாண்டியது. பல்புக்குக் கிடைத்ததோ 9 வோல்ட் சொச்சம். வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும் என்பதால் அதன் ஒளி பாதிக்கும் கீழே போயிருந்தது.

தொகுப்பைக் கழற்றியபோது ரப்பர் கேஸ்கெட்டுக்கு அடியில், திருகு இறங்கும் துளையைச் சுற்றிப் பெயின்ட் உப்பி, துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஹோல்டருக்குள் பச்சை படிந்திருந்தது. அடியிலுள்ள ஸ்பிரிங் முனை பல்பின் ஈயப் பொட்டில் ஆழமாகப் பள்ளம் பதித்திருந்தது. ஹோல்டரை எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, துளையைச் சுற்றி வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பற்கள் கொண்ட வாஷர் வைத்து முறுக்கினேன். துருப்பிடித்த தகட்டைத் தாங்கிய திருகை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹோல்டரிலிருந்து டிக்கித் தரையிலுள்ள போல்ட்டுக்குத் தனியே ஒரு எர்த் வயரும் இழுத்து, இணைப்பின்மேல் கிரீஸ் தடவினேன். இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. டெயில் விளக்கின் பொய்ச் சிவப்பும் மறைந்தது.

இப்போது இடது பக்கம் நிமிடத்துக்கு 80 முறையளவில் சிமிட்டுகிறது. பன்னாட்டு விதி கேட்பது 60 முதல் 120. எல்இடி பல்பு போட்டால் போதுமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது இழுக்கும் சொற்ப மின்னோட்டத்துக்கு இந்தத் தகடு அசையவே அசையாது; எலக்ட்ரானிக் ஃபிளாஷரும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், எர்த்தோ கெட்டபடியே இருக்கும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஹெட்லைட்டுடன் ஐட்லிங்கில் நிற்கும்போது இரு பக்கமும் சற்று மந்தமாகின்றன. ஃபிளாஷருக்குள் நுழையும் இடத்திலேயே பேட்டரியைவிட 0.6 வோல்ட் குறைவாக இருக்கிறது. பீங்கான் ஃபியூஸின் கூம்பு முனைகளைப் பிடிக்கும் பித்தளை நாக்குகள் கறுத்துத் தளர்ந்திருப்பதால், அடுத்து அவற்றைத் தேய்த்து இறுக்கிவிட்டு அதே அளவை மீண்டும் எடுக்கப்போகிறேன்.