விம்பிள்டனில் வரிசை நின்ற கதை

2024 ஜூலையில் லண்டன் போயிருந்தபோது ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் முதல் வாரம். என்னிடம் டிக்கெட் இல்லை. "வரிசையில் நின்னா அன்னிக்கே கிடைக்கும் மாமா. ஆனா முதல் ரயிலைப் பிடிக்கணும்" என்றான் அக்கா மகன்.

அவனும் நானும் சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து விம்பிள்டன் பூங்காவை அடைந்தபோது ஆறே கால். உள்ளே புல்வெளி முழுக்கக் கூடாரங்கள். முந்தின நாளே வந்து படுத்துத் தூங்கியவர்களாம். சென்டர் கோர்ட், 1ஆம் கோர்ட், 2ஆம் கோர்ட் என்ற பெரிய கோர்ட்டுகள் மூன்றுக்கும் தலா 500 டிக்கெட் போல வரிசைக்காரர்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள். ஆக முதல் 1,500 பேருக்குள் வந்தால்தான் அந்த யோகம். எங்கள் கையில் கொடுத்த அட்டையில் தேதியும் எண்ணும் இருந்தன. எண் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. சரி, சிறு கோர்ட்டுகளை மட்டும் பார்க்கவிடும் 30 பவுண்டு மைதான டிக்கெட்தான் என்று ஈரப் புல்லில் உட்கார்ந்தோம்.

நம்மூர் ரேஷன் கடையில் கல்லையும் பையையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வருவோமே, அந்தக் கதை இங்கே நடக்காது. வராத ஆளுக்கு இடம் பிடிக்கக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரே டிக்கெட். கழிப்பறைக்கோ காபிக்கோ போகலாம், ஆனால் அரை மணிக்குள் திரும்ப வேண்டும். ஆச்சரியம், யாரும் முண்டியடிக்கவில்லை. அக்கா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி இட்லி எட்டு மணிக்கே காலி. அப்புறம் தூறல். என்னிடம் குடை இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா நான் கேட்காமலே தன் குடையை இந்தப் பக்கம் சாய்த்தார்.

உள்ளே போகும்போது பன்னிரண்டரை. மைதான டிக்கெட்டை மட்டமாக நினைக்காதீர்கள். சிறு கோர்ட்டுகளில் முன்பதிவில்லாத இடம் கிடைத்தால் ஆட்டக்காரருக்கும் நமக்கும் நடுவே சில அடிதான். சர்வ் போடும்போது மூச்சை விடும் சத்தம், புல்லில் ஷூ வழுக்கும் சத்தம் எல்லாம் கேட்கிறது. பந்து வரும் வேகத்தைப் பார்த்ததும், 1960இலும் 61இலும் இங்கே அரையிறுதி வரை போன நம் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

உண்மையான வேட்டை மூன்று மணிக்கு மேல்தான். பெரிய கோர்ட்டுகளிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறவர்கள் விட்டுக்கொடுக்கும் இடங்களை மறுபடி விற்கிறார்கள்: அந்த வருஷம் சென்டர் கோர்ட்டுக்கு 15 பவுண்டு, மற்றவற்றுக்கு 10. பணம் தர்ம காரியத்துக்குப் போகிறது. இதற்கும் வரிசை உண்டு, ஆனால் போனில், விம்பிள்டன் செயலியில். காலையிலிருந்து வீடியோ எடுத்து என் போனில் சார்ஜ் 9 சதவீதம். பவர் பேங்க் ஈஸ்ட் ஹாமில் சோபா மேல். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொடாமல், ஸ்ட்ராபெர்ரியும் க்ரீமும் தின்றபடி பெரிய திரையில் ஆட்டம் பார்க்கும் புல்மேடான ஹென்மன் குன்றில் காத்திருந்தேன்.

ஏழு மணி வாக்கில் முறை வந்தது, 1ஆம் கோர்ட்டுக்கு. அப்போது சார்ஜ் 3 சதவீதம். "மாமா, ஓடுங்க!" என்று அக்கா மகன் கத்த, 18ஆம் கோர்ட்டுக்குப் பக்கத்துக் கவுன்டரை நோக்கி, செருப்பு வழுக்க வழுக்க மேட்டில் ஏறி ஓடினேன்.