உதவித்தொகை நின்றதும், மீண்டும் வந்ததும்

2015ஆம் ஆண்டு இளங்கலை முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகைக்கு 2020இல் விண்ணப்பித்தேன். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,800 ரூபாயாக வங்கிக் கணக்கில் சேரும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது என்பதால் வருவாய் ஆய்வாளரின் கையொப்பத்துக்கு இரண்டு முறை அலைந்ததைத் தவிர, விண்ணப்பிப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. சிரமம் தொடங்கியது அடுத்த ஆண்டில்தான்.

2021இன் இறுதியில் பணம் வரவில்லை. எங்கள் வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டு ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருந்ததால், கோளாறு அங்கேதான் என்று நானே முடிவு செய்துகொண்டு, புத்தகத்தில் வரவு பதியச் சொல்லிப் பல வாரங்கள் வங்கிக்கு நடந்தேன். அடுத்த தவணையும் வராதபோதுதான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "சுய உறுதிமொழி ஆவணம் தரவில்லையேம்மா" என்றார். ஜூன் மாதமே இணையத்தில் புதுப்பித்துவிட்டேன் என்று அச்சிட்ட தாளை நீட்டினேன். அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் என் தவறு புரிந்தது.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வேலைவாய்ப்புப் பதிவை. ஆண்டுதோறும் உறுதிமொழி கொடுத்துத் தொடரவேண்டியது உதவித்தொகையை. இரண்டையும் ஒன்றென நினைத்திருந்தேன். எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலில் ஊதியம் ஈட்டவில்லை என்று ஆண்டுக்கொருமுறை எழுதிக் கொடுத்தால்தான் பணம் தொடரும். இதை நினைவூட்டி எனக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. வேலையில்லாதவர் வேலையில்லை என்பதை ஆண்டுதோறும் தாமே நினைவுவைத்துச் சொல்லவேண்டியிருப்பது எனக்குச் சற்று விந்தையாகவே பட்டது.

அன்றே படிவத்தை நிரப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் அடையாள அட்டை நகலையும் இணைத்துக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக என் நகலில் தேதியுடன் முத்திரை வைத்துத் தரக் கேட்டேன், வைத்துத் தந்தார். அடுத்த காலாண்டில் 1,800 ரூபாய் வந்தது. விடுபட்ட இரண்டு தவணைகள் கடைசிவரை வரவில்லை. மறு ஆண்டு, நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்து, ஒரு மாதம் முன்னதாகவே போய்க் கொடுத்துவிட்டேன்.

பொதுப் பிரிவினருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொகை நீட்டிக்கப்படுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் பத்து ஆண்டுகள் வரை உண்டு. தேர்வு விண்ணப்பக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் கைகொடுத்த அந்தப் பணம் 2023உடன் முடிந்துவிட்டது. உதவித்தொகை பெற்றதால் பதிவு மூப்பு பறிபோகாது என்பதால், பதிவை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த புதுப்பிப்பு 2027 ஜூன்.