தண்ணீர் வரும் நாட்கள்

ஜூன் 11, 2025

நாளை மேட்டூர் திறக்கிறார்கள். போன ஆண்டு ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம், ஆற்றை நம்பியவர்களுக்குக் குறுவையே இல்லாமல் போயிற்று. இந்த ஆண்டாவது தேதி தவறவில்லை. கடைமடை வாய்க்காலில் காட்டாமணக்கு பாதி அப்படியே நிற்கிறது. ஏ, பி வாய்க்கால்கள்தான் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே உள்ளவை ஊராருடையவை என்பார்கள். இருக்கட்டும். தண்ணீர் தேங்கி நின்றால் இந்தப் பிரிவின் பொறியாளர் என்று என்னைத்தானே கேட்பார்கள்? கேட்கவும் வேண்டும்.

ஜூன் 12

திறந்துவிட்டார்கள்.

ஜூன் 14

ஷட்டர் தண்டுகளுக்கு கிரீஸ் தடவும் வேலை. மதகுகளைத் திறந்து மூடும் மூத்த லஸ்கர் அண்ணன் துணியால் தண்டைத் துடைத்துவிட்டு, விரலாலேயே ஒவ்வொரு மரையிலும் கிரீஸை அழுத்தி நிரப்பினார். தண்டின் ஓரிடத்தில் சுண்ணாம்புக் கோடு. அதற்கு மேல் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் இங்கேயே போய்விடும், கீழே இருக்கிறவர்களுக்கு எட்டாது என்றார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கோடு அது.

வேலை முடிந்து கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்: “ராத்திரியில் பத்துப் பேர் வந்து தூக்கச் சொன்னால் யார் பெயரைச் சொல்வது, அம்மா?”

“என் பெயரைச் சொல்லுங்கள், அண்ணே” என்றேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. இதற்கு முன்னும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள், விடிந்ததும் கைவிட்டிருப்பார்கள். பழி எப்போதும் ஷட்டர் திருகியவன் தலையில்தான் விழுகிறது. என் பிரிவில் அது நடக்கக் கூடாது.

ஜூன் 15

கல்லணையும் திறந்தாயிற்று. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து வர வேண்டும். எங்கள் பங்கு வெண்ணாற்றில். மேலே இருப்பவர்களில் பலருக்கு போர்வெல் உண்டு. கடைக்கோடியில் துளை போட்டால் உப்புத் தண்ணீர். அவர்களுக்கு ஆறு ஒன்றுதான்.

ஜூன் 17

சென்னையில் வடிவமைப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாம். விருப்பக் கடிதம் கொடு என்று அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஞாயிறு விடுமுறை. அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

யார் பெயரைச் சொல்வது, அம்மா?

ஜூன் 18

இன்னும் வரவில்லை.

ஜூன் 19

வந்துவிட்டது! நுரையும் சருகும் முன்னால் உருண்டு வர, பின்னாலேயே செம்மண் நிறத்தில் தண்ணீர். ஊர்ப் பிள்ளைகள் கரையோடு கூடவே ஓடினார்கள். யாரோ பூத் தூவினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவு பத்து மணிக்கு மேல் வந்தார்கள். சண்டைக்காரர்கள் அல்லர். மேட்டு வயல், நாற்றங்கால் காய்கிறது, இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேட்பு. அதனால்தான் மறுப்பது கடினம். முறை வைத்திருக்கும் நாளைச் சொன்னேன். ஒருவர் அண்ணனைப் பார்த்து, “நீ நினைத்தால் முடியும்” என்றார். நான் பதிவேட்டை வாங்கி, மணி, ஷட்டர் திறப்பு அளவு எல்லாம் எழுதி, “என் உத்தரவு” என்று கையெழுத்திட்டு, டார்ச் வெளிச்சத்தில் அப்படிச் சொன்னவரிடமே படித்துக் காட்டினேன். புகார் செய்வதானால் இந்தப் பெயர் மேல் செய்யுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி முதலில் எனக்குத் தந்தார்.

ஜூன் 20

கடைமடைக்கு எட்டவில்லை. அளவுகோலில் ஈரம்கூட இல்லை.

ஜூன் 21

மதகுக்கு மதகு நடந்து பார்த்தோம். ஆகாயத்தாமரை ஓரிடத்தில் மெத்தை மாதிரி அடைத்திருந்தது. லஸ்கர்கள் இறங்கினார்கள், ஊரிலிருந்து நாலைந்து பேர் அரிவாளோடு வந்து சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற இருவரின் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. மேலிடத்துக்கு மறுபடியும் எழுதினேன், இந்த முறை கொஞ்சம் காட்டமாகவே.

விருப்பக் கடிதம் கொடுக்கப் போவதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள்.

ஜூன் 22

அண்ணனும் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்தச் சுண்ணாம்புக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பது அதற்குள் இளைய லஸ்கருக்கும் எனக்கும் பிடிபட வேண்டும். நாளை முதல் காலை ஆறு மணி அளவை இளையவரே எடுக்கட்டும், அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.